பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் ஆள் வராது

“சித்திரை பொறந்துட்டா இந்த மெஷினுக்கு எங்க ஆள் யாரும் வரமாட்டாங்க” என்று கம்ப்யூட்டர் கம்பெனி சார் சொன்னபோது, முதலாளி அவருக்காக வாங்கி வைத்திருந்த இளநீரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கொடுக்கவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை.

“வரமாட்டாங்கன்னா? லீவா?”

“லீவு இல்லீங்க. இந்த சிஸ்டத்தையே கம்பெனி விட்டுடுச்சு. இனிமே இதுக்குப் புது வட்டு வராது, உதிரி வராது, கோளாறுன்னு எழுதிப் போட்டா பதிலும் வராது. ஓடுற வரைக்கும் ஓடும்.”

“நின்னா?”

“நின்னா நின்னதுதான்.”

“விட்டுடுச்சுன்னா எப்படிங்க? பொண்டாட்டிய விட்ட மாதிரியா? வித்தப்ப என்ன சொன்னீங்க? பேரன் காலம் வரைக்கும் ஓடும்னீங்க. எனக்கு இன்னும் பேரனே பொறக்கலைங்களே!”

சார் சிரித்தார். அழகாகச் சிரிப்பார். முதலாளியும் வேறு வழியில்லாமல் சிரித்துவிட்டு இளநீரைக் கொடுத்தார். நான் சிரிக்கவில்லை. மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒன்றும் கெடவில்லை. சாவி போட்டால் பச்சை எழுத்து வருகிறது. கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறது. நன்றாக இருக்கிற ஒன்றை இனிமேல் கவனிக்கமாட்டோம் என்று யாரோ மெட்ராசில் உட்கார்ந்து முடிவு செய்யலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

எண்பதுகளின் பின்பாதி. காரைக்கால் கடைத்தெருவில் எங்கள் கடை பம்பு செட்டுக்கும் மீன்பிடி லாஞ்சு எஞ்சினுக்கும் உதிரி விற்கிற கடை. மேற்கே நெல் விளைகிற ஊர்கள், கிழக்கே கடல். ஒரே நாளில் சேற்றுக் காலோடு ஒருவர் வந்து ஃபுட் வால்வு கேட்பார், அவர் போவதற்குள் மீன் வாடையோடு ஒருவர் வந்து எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில் கேட்பார். கடையின் பின்னால் தகரப் பெட்டிகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். எந்தச் சாமான் எந்தப் பெட்டி என்று சொல்லத்தான் கம்ப்யூட்டர். அதை ஓட்டுகிற அடிப்படை நிரலுக்கு நாங்கள் வைத்த பேர் சிஸ்டம். அது இல்லாவிட்டால் மெஷின் வெறும் தகரம். அதற்கென்று கண்ணாடி அடைத்த ஓர் அறை. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

எனக்கு ஊர் விழிதியூர். அப்பாவுக்கு நெல்லு. நான் பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணில் பட்ட பரீட்சையெல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது இந்தக் கடையில் பில் போடச் சேர்ந்தேன். சைக்கிளில் வந்து போவேன். பில் போடுவதில் எனக்கு நாட்டமில்லை. அந்தக் கண்ணாடி அறைதான் என்னை இழுத்தது. மெஷினோடு வந்த தடிப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் எழுத்தெழுத்தாகப் படித்தேன். புரியாததை எழுதி வைத்துக்கொண்டு, மாதம் ஒருமுறை திருச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிற சாரைப் பிடித்துக்கொள்வேன்.

அவர் ஒரு கேள்வியையும் தட்டியதில்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். மெஸ்ஸில் எதிரெதிரே உட்கார்ந்து மீன் குழம்பு சாப்பிட்டுக்கொண்டே, வாழை இலையின் ஓரத்தில் விரலால் கோடு போட்டு எனக்கு வட்டின் அமைப்பைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். “தம்பி, நீ இங்க இருக்க வேண்டிய ஆளே இல்ல” என்பார். அந்த வார்த்தைக்காகவே மாதம் எப்போது திரும்பும் என்று காத்துக்கொண்டிருப்பேன்.

சித்திரைக்கு இன்னும் ஒரு மழைக்காலமும் ஒரு அறுப்பும் இருந்தன. அதற்குள் கடை புது மெஷினுக்கு, புது சிஸ்டத்துக்கு மாறியாக வேண்டும். சித்திரை வெயிலில் போர்செட் ரிப்பேருக்கு ஊரே திரண்டு வரும். அந்த நேரத்தில் பழைய மெஷின் படுத்தால் பெட்டிகளுக்கு நடுவில் நின்று முழிக்க வேண்டியதுதான். முதலாளி முறைத்துக்கொண்டே புது மெஷினுக்கு அச்சாரம் கொடுத்தார். வந்து இறங்கியது. அப்போதுதான் அடுத்த இடி. பழைய ஃபிளாப்பி வட்டு பொரிக்காத அப்பளம் அளவு. புது மெஷினின் வாய் அதில் பாதி. நுழையவே நுழையாது.

“அப்ப உள்ள இருக்குற சாமான் பேரெல்லாம்?” என்றார் முதலாளி.

“திரும்ப டைப் அடிக்கணும்” என்றார் சார்.

“எல்லாத்தையுமா? இந்தப் பக்கம் எடுத்து அந்தப் பக்கம் ஊத்த முடியாதாங்க, எண்ணெய் மாதிரி?”

சார் உதட்டைப் பிதுக்கினார். கம்பெனியிடம் அதற்கு வழியில்லை என்றார். முதலாளி தமாஷாகக் கேட்டதுதான் என் மண்டைக்குள் நுழைந்துகொண்டது. ஏன் ஊற்ற முடியாது? இரண்டு மெஷினுக்கும் முதுகில் பிரிண்டருக்கோ எதற்கோ ஒரு துளை இருக்கிறது. நடுவில் ஒரு கம்பி போட்டு, இது ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல அது ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டால்?

கம்பியை நானே பற்றவைத்தேன். கை வெந்தது. முதலில் வந்ததெல்லாம் குப்பை, வேகம் ஒத்துப்போகவில்லை. வேகத்தைக் குறைத்தேன், பாதி வந்தது. பிறகு பெயர்களில் முதல் எழுத்தை மட்டும் விழுங்கிக்கொண்டு வந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வியாபாரமே இல்லை, புது மெஷினின் திரையில் எங்கள் சாமான்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்க ஆரம்பித்தன. ஓடிப்போய் முதலாளியின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். அவர் செருப்பைக் கழற்ற மறந்து உள்ளே வந்துவிட்டார்.

ஊற்றுவதற்கு நான் எழுதிய அந்த நிரலில் இரண்டு விஷயம் எங்கள் கடைக்கே உரியவை. ஒன்று, அது பேசுகிற பேச்சு. ஆங்கில எழுத்தில் தமிழ். ‘கொஞ்சம் இருங்க’, ‘வந்துக்கிட்டே இருக்கு’, எல்லாம் முடிந்ததும் ‘ஆச்சுங்க, ஃபேனை நிறுத்திட்டுப் போங்க’. கடைசி வரி முதலாளியுடையது. யார் எந்த அறையை விட்டு வெளியே வந்தாலும் அவர் கேட்கிற ஒரே கேள்வி ஃபேனைப் பற்றித்தான். மெஷினே கேட்டுவிட்டால் அவருக்குத் தொண்டை மிச்சம் என்று போட்டேன்.

இரண்டாவது, பிள்ளையார் சுழி. என் கடையில் ஒரு துண்டுச் சீட்டுகூட சுழி இல்லாமல் எழுதினதில்லை, இதில் மட்டும் எப்படி என்று கம்ப்யூட்டர் வந்த அன்றே முதலாளி பிடிவாதம் பிடித்திருக்கிறார். ஆங்கிலப் பலகையில் ‘உ’வுக்கு எங்கே போவது? “ரெண்டைப் போடு. வளைஞ்சு வந்து கீழ கோடு இருக்குல்ல, சாமிக்குத் தெரியும்” என்று முடித்துவிட்டார். அதனால் சாமான் பெயர்கள் இருக்கிற கோப்பில் முதல் வரி சாமான் இல்லை, வெறும் 2. பெட்டி எண்கள் இருக்கிற கோப்பில் அது கிடையாது. “சாமானுக்குப் போட்டா போதும், பெட்டிக்கு எதுக்கு?” ஆக, பெயரையும் பெட்டியையும் ஜோடி சேர்க்கும்போது பெயர்க் கோப்பின் முதல் வரியைத் தாண்டிவிட வேண்டும். என் நிரல் தாண்டியது.

சார் அடுத்த முறை வந்தபோது ஓட்டிக் காட்டினேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ‘கொஞ்சம் இருங்க’ என்று வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இதை யார் சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்ல சார். நீங்கதான், இலையில கோடு போட்டீங்களே.”

என் முதுகில் தட்டினார். “தம்பி, டெல்டா பூரா நம்ம பழைய மெஷின் எத்தனை கடையில கெடக்குதுன்னு உனக்குத் தெரியாது. எல்லாரும் டைப் அடிச்சு அழப்போறாங்க. மெட்ராஸ்ல இந்த மாத்துற வேலைக்கே தனியா ஒரு குரூப் போடுறாங்க. உன் பேரைச் சொல்லிடுறேன். சித்திரைக்குள்ள ஆர்டர் வந்துடும். ஒரு காப்பி மட்டும் போட்டுக் குடு, மேல காட்டணும்.”

கொடுத்தேன். கொடுக்கும்போது சொன்னேன்: “சார், பேர் ஃபைல்ல முதல் வரிய இது தாண்டிடும். அது எங்க முதலாளியோட சுழி. வேற கடைன்னா அந்த ஒரு வரிய எடுத்துடணும்.” நிரலுக்குள்ளேயும் அந்த இடத்தில் குறிப்பு எழுதியிருந்தேன். சார் தலையாட்டிக்கொண்டே வட்டைப் பைக்குள் வைத்தார்.

அந்தத் தையில்தான் பாண்டிச்சேரியிலிருந்து வேலை உத்தரவு வந்தது. எப்போதோ எழுதிய பரீட்சை. அரசாங்க ஆபீசில் கிளார்க். அப்பா அதைக் கையில் வாங்கிக்கொண்டு வயலுக்குப் போய், வரப்பில் இருந்த நாலு பேரிடம் காட்டிவிட்டு வந்தார். நான் போகமாட்டேன் என்றேன்.

“ஏன்டா தம்பி? பாண்டிச்சேரிக் கவர்மெண்டுடா இது. இதுக்குன்னு அவனவன் தவமா கெடக்குறான்.”

“எனக்கு மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை வருதுப்பா.”

“வந்துடுச்சா?”

“வரும். சார் சொல்லியிருக்காரு.”

“அந்த ஆளு எழுதிக் குடுத்திருக்காரா?”

“அவரு சொன்னா எழுதிக் குடுத்த மாதிரிதான்.”

அப்பா உத்தரவை மடித்துப் பெட்டியில் வைத்தார். சேர வேண்டிய தேதி போனது. அந்த நாளில் நான் கண்ணாடி அறையில் உட்கார்ந்து, கடைசி முறையாகப் பழைய மெஷினிலிருந்து புதியதற்கு எல்லாவற்றையும் ஊற்றிக்கொண்டிருந்தேன். எனக்கு அன்று ஒரு துளி சந்தேகமும் இல்லை. மெட்ராசில் எந்தப் பேட்டையில் அறை எடுப்பது என்பது வரைக்கும் யோசித்தாகிவிட்டது.

எங்கள் கடை தயாரானது. சும்மா சொல்லவில்லை, அந்த வட்டாரத்திலேயே இவ்வளவு சுத்தமாக யாரும் மாறியிருக்க முடியாது. ஒவ்வொரு பெட்டியையும் இறக்கி, திரையில் இருப்பதோடு சரிபார்த்தோம். கடையில் இருந்த அத்தனை பேரும் புது மெஷினில் தேடப் பழகினார்கள். பங்குனிக் கடைசியில் கம்பெனி வண்டி வந்து பழைய மெஷினைப் புதியதற்கு ஈடாக எடுத்துப் போனது. முதலாளி வாசல் வரைக்கும் வந்து பார்த்துவிட்டு, “ஒழுங்கா ஒழைச்சுதுடா பாவம்” என்றார்.

சித்திரை வந்தது. ஆர்டர் வரவில்லை. சாரும் வரவில்லை. திருச்சிக்கு இரண்டு கடிதம் போட்டேன். பில் போட்டேன். தபால்காரர் கடைத்தெருவின் எந்த முனையில் இருக்கிறார் என்பது எனக்குச் சைக்கிள் மணியை வைத்தே தெரிந்தது.

ஆனி மாதம் என்று நினைவு. பட்டினச்சேரியிலிருந்து ஒரு லாஞ்சுக்காரர் வந்து ஒரு நாசில் கேட்டார். எங்கள் வாடிக்கைதான், நான் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அந்த அளவு எங்களிடம் இல்லை. நாகூரில் ஒரு பாயின் கடையில் இருக்கும் என்று முதலாளிக்குத் தெரியும். “போட்டு கரையில நிக்குதுங்க, ஆளுங்க சும்மா உக்காந்திருக்கானுவ” என்று அண்ணன் பரபரத்தார். “நீ கூடப் போயி அளவு பாத்து வாங்கிக் குடுத்துட்டு வா” என்றார் முதலாளி. பஸ் ஏறினோம்.

நாகூர்க் கடைக்குள் நுழைந்தபோது பாய் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் ஐந்தாறு தகரப் பெட்டி திறந்து கிடந்தது.

“வாங்க தம்பி, வாங்க. என்னா வேணும்? கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடுறேன், நீங்க எது கேட்டாலும் இந்த ஹராமிப் பொட்டி வேற எதையாச்சும்தான் காட்டும்.”

“நாசில்ங்க.”

“நாசிலா? இந்தாங்க பாருங்க.” எழுத்துகளைத் தட்டினார். பெட்டி எண் வந்தது. பெட்டியை இறக்கினார். உள்ளே மேனிஃபோல்டு கேஸ்கெட். “பாத்தீங்களா? கேஸ்கெட் கேட்டா லைனர் இருக்குற பொட்டிக்குப் போகச் சொல்லுது. ஏர் ஃபில்டர்னு ஒரு சரக்கே என் கடையில இல்லைங்குது. பின்னாடி மலையாக் கெடக்கு தம்பி!”

“பேர் பாத்து எடுத்துட வேண்டியதுதானேங்க?” என்றார் அண்ணன்.

“பேரு எங்க இருக்கு? புது மெஷின் வருதுல்ல, இனிமே நம்பர் போதும்னு பொட்டி மேல இருந்த பேரையெல்லாம் சொரண்டி எடுக்கச் சொன்னாரு அந்த இஞ்சினீயரு. இடம் மனப்பாடமாத் தெரிஞ்ச மச்சான் சவூதிக்குப் போயிட்டாரு. காலையிலேருந்து திருச்சிக்கு டிரங்க் கால் போட்டுட்டு உக்காந்திருக்கேன்.”

மெஷினின் முதுகுப் பக்கம் எட்டிப் பார்த்தேன். “பழைய மெஷின்லேருந்து எப்படிங்க மாத்துனாங்க?”

“அதை ஏன் கேக்குறீங்க? கம்பியப் போட்டு அவரே மாத்துனாரு. அவரே எழுதுனதாம். அதுக்குத் தனியா ரேட்டு. நல்லா மரியாதையாப் பேசும் தம்பி, இருங்கங்குது, போங்கங்குது. ஒண்ணுதான் வெளங்கல. கடைசியில ஃபேனை நிறுத்தச் சொல்லுது. நம்ம ரூம்ல ஏசிதானே இருக்கு, ஃபேனே கெடையாதே!”

அந்த நிரலை ஓட்டிக் காட்டச் சொன்னேன். பாய் ஓட்டினார். திரையின் தலையில், நான் ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்த இடத்தில், எழுதியவர் என்று சாரின் பெயர் இருந்தது, பட்டத்தோடு. அதற்குக் கீழே ‘கொஞ்சம் இருங்க’. அதற்குக் கீழே ‘வந்துக்கிட்டே இருக்கு’. ஒரு எழுத்து மாறவில்லை.

“இது நான் எழுதுனதுங்க” என்றேன்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சைக்கிள் கிரீஸ் பட்ட பேண்ட். பக்கத்தில் லுங்கியில் அண்ணன். “நீங்க காரைக்கால் கடையில பில்லு போடுற தம்பிதானே?” என்று சாந்தமாகக் கேட்டார். கேலியே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து டிரங்க் கால் வந்தது. பாய் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு கொட்டித் தீர்த்தார். அந்தப் பக்கம் என்னவோ சமாதானம் சொல்வது கேட்டது. கடைசியில் பாய், “அதுக்கு மேல இங்க ஒரு தம்பி, காரைக்கால்லேருந்து, இதை நான்தான் எழுதுனேன்னு நிக்கிறாரு” என்றார். பாய் ஆச்சரியமாக ரிசீவரை என்னிடம் நீட்டினார். “உங்கள்ட்ட பேசணுமாம்.”

“தம்பி! எப்படி இருக்க?” அதே குரல். அதே சிரிப்பு.

“சார், இதுல என் பேரு…”

“ராஜா, காரைக்கால்ல பில்லு போடுற பையன் எழுதுனதுன்னு சொன்னா எவன் வாங்குவான்? கம்பெனியில ஒருத்தன் பேரு இருக்கணும்ல. இதெல்லாம் ஒரு விஷயமா?”

“மெட்ராஸ் ஆர்டர் சார்?”

“குரூப் போட்டாச்சுப்பா. நான்தான் இன்சார்ஜ். இஞ்சினீயரிங் படிச்சவங்களா எடுத்துட்டாங்க, நான் என்ன பண்றது? அடுத்த வாட்டி பாக்கலாம்.”

“நான் கவர்மெண்ட் வேலைய விட்டேன் சார்.”

“விடச் சொன்னேனா நான்?”

சொல்லவில்லைதான். நான் மீன் குழம்பையும் வாழை இலையையும் நினைத்தேன்.

“சரி, அதை விடு. பாய்க்கு என்னா கோளாறு? உனக்குத் தெரியுமா?”

“சுழி சார். முதல் வரிய எடுக்கணும்னு சொன்னேனே. இவங்க கடையில சுழி கெடையாது. முதல் சாமானை முழுங்கிட்டு, எல்லாப் பேரும் ஒரு பெட்டி தள்ளி உக்காந்திருக்கு.”

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. நிம்மதிப் பெருமூச்சு. “அவ்வளவுதானா? நீயே சரி பண்ணிக் குடுத்துடு. நான் அனுப்புனேன்னு சொல்லு. இல்லாட்டி தொட விடமாட்டாரு.” அத்தோடு லைன் போய்விட்டது. அவர் வைத்தாரா, டிரங்க் கால் நேரம் முடிந்து தானாக அறுந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

ரிசீவரை வைத்துவிட்டு மெஷின் பக்கம் கையை நீட்டினேன். பாய் சட்டென்று நடுவில் வந்தார். “தம்பி, கோச்சுக்காதீங்க. கம்பெனிக்காரங்க தவிர வேற யாரும் தொட்டா கியாரண்டி போயிடும்னு எழுதி வாங்கியிருக்காங்க. இருக்குறதும் போச்சுன்னா என் பொழப்பு மவுத்துதான்.”

அவர் மேல் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? ஒரு மெஷினை நம்பிப் பெயரையெல்லாம் சுரண்டி எடுத்தவர். இதோ இந்தப் பக்கம் அண்ணன், கரையில் போட்டை நிறுத்திவிட்டு. நான் எழுதியது என்று இன்னொரு முறை சொல்லலாம். பாய் இன்னொரு முறை சாந்தமாகப் பார்ப்பார். இரண்டு பேரும் கண்ணெடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“சார்தாங்க என்னை அனுப்புனாரு” என்றேன். “இப்ப போன்ல அதைத்தான் சொன்னாரு. நான் கம்பெனி ஆளுதான்.”

பாயின் முகம் மலர்ந்தது. “அல்ஹம்துலில்லாஹ்! அதை முன்னாடியே சொல்லக் கூடாதா? உக்காருங்க, உக்காருங்க. டீ சொல்றேன்.”

வேலை ஒன்றும் பெரிதில்லை. உங்கள் பட்டியலில் முதலில் எழுதியது எது என்று கேட்டேன். ஏர் ஃபில்டர், நானே கைப்படக் கொடுத்தேன் என்றார். பெயர்க் கோப்பின் தலையில் அதைச் செருகினேன். எல்லாப் பெயரும் ஒரு படி இறங்கித் தன் தன் பெட்டியில் உட்கார்ந்தது. நிரலிலிருந்து சுழியைத் தாண்டுகிற வரியையும் எடுத்தேன். நாசில் என்று தட்டினார், பெட்டியை இறக்கினார், நாசில் இருந்தது. பாய் அதை எடுத்து முத்தமிடாத குறை.

“முதல்லேருந்து ஒரு வாட்டி ஓட்டிக் காட்டுங்க, மனசுக்குத் திருப்தியா இருக்கும்” என்றார்.

ஓட்டினேன். திரையின் தலையில் அந்தப் பெயர் வந்தது. என் விரல் பலகை மேலேயேதான் இருந்தது. ஒரு வரி. அடித்துவிட்டு வேறொன்றைப் போட எவ்வளவு நேரம்? ஆனால் கம்பெனி ஆளு கம்பெனி சாரின் பெயரை அழிப்பானா? பாய் அந்தப் பெயரை உரக்கப் படித்து, “கெட்டிக்கார மனுஷன். ஆளு அனுப்பினாலும் கெட்டிக்காரப் புள்ளையாத்தான் அனுப்பியிருக்காரு. போயி நான் சொன்னேன்னு சொல்லுங்க” என்றார். சொல்கிறேன் என்றேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அண்ணன் நாசிலைக் காகிதத்தில் சுற்றி மடியில் வைத்திருந்தார். திருமலைராயன்பட்டினம் நெருங்கும் வரைக்கும் அதைத் தடவிக்கொண்டே வந்தார். பிறகு, “நீதானே எழுதுன?” என்றார்.

“ஆமாண்ணே.”

“பின்ன ஏன் அந்த ஆளு அனுப்புனான்னு சொன்ன?”

“அப்படிச் சொன்னாத்தானேண்ணே உங்களுக்கு நாசில் கெடைக்கும்.”

“அதுக்குன்னு? நாளைக்கு எவனாச்சும் கேட்டா என் போட்டையும் அவன் பேர்ல எழுதிக் குடுத்துடுவியா?” என்று கேட்டுவிட்டு, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்து, “சும்மா சொன்னேன்டா” என்றார். சும்மா சொல்லவில்லை. எனக்காகக் கோபப்பட்ட ஒரே ஆள் அவர்தான். இறங்கும்போது டிக்கெட்டும் அவரே எடுத்திருந்தார் என்பது தெரிந்தது.

வீட்டில் அன்றைக்கே சொல்லிவிட்டேன். மெட்ராஸ் இல்லை, ஆள் எடுத்தாகிவிட்டது என்று. அம்மா அழுதாள். அப்பா மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டே, “பாண்டிச்சேரிக்கு ஒரு மனு போட்டுப் பாப்போமா?” என்றார். போட்டோம். பதில் வரவில்லை.

இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. ஒரு வாரம் போயிருக்கும். கடையில் போன் அடித்தது. திருத்துறைப்பூண்டியில் ஒரு பம்பு செட் கடை. பிறகு சீர்காழியில் ஒன்று. எல்லாருக்கும் ஒரே வியாதி, கேட்ட சாமானுக்கு முந்தின பெட்டி. திருச்சிக்குப் போன் போட்டால், காரைக்காலில் எங்கள் ஆள் ஒருவர் இருக்கிறார், அவர் பார்த்துக்கொள்வார் என்று எங்கள் கடை நம்பரைக் கொடுக்கிறார்களாம். கம்பெனியில் எனக்கு வேலையில்லை, ஆனால் நான் அவர்களுடைய ஆள்.

மூன்றாவது போனை முதலாளி எடுத்தார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, ரிசீவரின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“மன்னார்குடி. கம்பெனி ஆளு இருக்காரான்னு கேக்குறான். என்ன சொல்ல?”

நான் பில் புத்தகத்தை மூடினேன். பாய் கடையில் விட்ட வார்த்தை நாக்கிலேயே கிடந்தது போலிருந்தது.

“கம்பெனி ஆளு இல்லைன்னு சொல்லுங்க. அதை எழுதுனவன் இருக்கான், கூப்பிட்டா வருவான்னு சொல்லுங்க.”

முதலாளி தலையாட்டினார். கையை எடுத்தார்.

“கம்பெனி ஆளு யாரும் இங்க இல்லீங்க” என்றார். போனை வைத்துவிட்டார்.

நான் பார்த்துக்கொண்டே நின்றேன். “மிச்சத்தையும் சொல்லலையே?”

“எந்த மிச்சத்தை?”

“எழுதுனவன் இருக்கான்னு.”

“அதை எதுக்குடா மன்னார்குடிக்காரனுக்குச் சொல்லணும்?” வெற்றிலையை வாய்க்குள் தள்ளிக்கொண்டு, என் மேல் உண்மையான பிரியத்தோடுதான் சொன்னார். “தெரிஞ்சா உன்னைக் கொத்திக்கிட்டுப் போயிடுவான். அப்பறம் இந்த மெஷினுக்கு நான் ஆளுக்கு எங்க போவேன்?”